மேய்ப்பனுக்கு இருந்த முகம்

நம் பள்ளிக்கூட மண்டபத்தை இடிக்கப்போகிறார்கள் என்று குழுவில் போட்டோ போட்டிருக்கிறீர்கள். எந்த மகராசி எடுத்தாளோ, மேடைக்குப் பின்சுவரில் இருக்கும் அந்தப் பெரிய படமும் அதில் முழுதாக விழுந்திருக்கிறது. மலை, ஓடை, புல்வெளி, வெள்ளைவெளேரென்று ஆட்டு மந்தை, தோளில் ஓர் ஆட்டைச் சுமந்து வரும் மேய்ப்பன். அதற்குக் கீழே நாற்பது பேர் நாற்பது விதமாக உருகியிருக்கிறீர்கள். "நம்ம சின்ன வயசே இதுதான்" என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். ராயபுரத்தில் பிறந்து, துறைமுகத்துச் சங்கு கேட்டு வளர்ந்தவளுக்கு மலையும் ஓடையும் எங்கிருந்து வந்ததடி என்று கேட்க வாயெடுத்தேன். வம்பு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இன்னொருத்திதான் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டாள். இத்தனை செம்மறிக்கு முன்னால் ஒரு செவலை வெள்ளாடு நிற்கிறதே, இடது காது கிழிந்து, படம் பார்க்கிற நம்மையே திரும்பிப் பார்த்துக்கொண்டு, அது எப்படி வந்தது என்று. ஒருவரும் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். ஐம்பது வருஷமாகத் தெரியும்.

அதோடு விட்டீர்களா? படம் வரைந்தவரைத் தேடிப் பிடித்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை பொன்னாடை போர்த்தப்போகிறீர்கள். வகுப்பில் கவிதை எழுதியவள் நான் என்பதால் வாழ்த்துரை என்னுடையதாம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அழைப்பிதழிலும் போட்டாயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு, சால்வையை யார் கையில் கொடுப்பதென்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்.

என் நைனா ரயில்வேயில் வேலை பார்த்தார் என்றுதான் உங்கள் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தேன். பாதி உண்மை. பேசின் பிரிட்ஜ் யார்டில் சரக்கு வண்டியிலிருந்து ஆடுகள் இறங்கும். அவற்றை எண்ணி வாங்கி, தெருத் தெருவாக நடத்திக்கொண்டு போய் ஆட்டுத்தொட்டியில் சேர்ப்பதுதான் அவர் வேலை. தொட்டி என்றால் ஆடு அறுக்கும் இடம். நைனா அறுத்ததில்லை, கத்தியைத் தொட்டதில்லை. வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேனே தவிர, அந்த வாசலில்தான் கஷ்டமெல்லாம். எத்தனையோ மைல் வண்டியில் வந்து, தெருவெல்லாம் சாதுவாக நடந்து வந்த செம்மறிகள் அங்கே வந்ததும் கால் ஊன்றி நின்றுவிடும். வாடை தெரிந்துவிடும் போல. அடித்தாலும் நகராது, தள்ளினாலும் நகராது. அதற்காக நைனா ஒரு வெள்ளாட்டுக் கிடாவை வளர்த்தார். செவலை நிறம், இடது காது நாய் கடித்துக் கிழிந்தது, கழுத்தில் பித்தளை மணி. அதற்கு மேஸ்திரி என்று பெயர். யார்டிலிருந்தே மேஸ்திரிதான் மந்தைக்கு முன்னால் நடக்கும். தொட்டி வாசலிலும் தயங்காமல் உள்ளே போகும். அது போகிறதே என்று ஒரு செம்மறி போகும். ஒன்று போனால் நூறும் போகும். எல்லாம் உள்ளே போனதும் பக்கத்திலிருக்கும் சின்னக் கதவு வழியாக மேஸ்திரி மட்டும் வெளியே வந்துவிடும். நைனா சட்டைப் பையிலிருந்து ஒரு பொறை ரொட்டி எடுத்துக் கொடுப்பார். கடித்துக்கொண்டே வீட்டுக்கு நடக்கும். எங்கள் சந்தில் விளக்குக் கம்பத்தில் கட்டியிருக்கும், சுவரொட்டியை ஈரப் பசையோடு கிழித்துத் தின்னும். நான் அதன் முதுகில் ஏறி விளையாடியிருக்கிறேன்.

ஆடுகள் சாயங்காலம்தான் போகும். மின்நிலையத்துச் சாம்பல் பறந்து வந்து அவற்றின் ரோமத்தில் படிந்திருக்கும். மழை பெய்தால் அந்த ஈர ரோம நாற்றம் எங்கள் வீட்டுக்குள் வரைக்கும் வரும். நைனா வந்ததும் வாசலிலேயே வெந்நீர் ஊற்றிக் குளித்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார். சிவப்பு சோப்பைத் தேய் தேய் என்று தேய்ப்பார். அப்படியும் கழுத்தோரம் அந்த நாற்றம் இருக்கும். எனக்கு அது பிடிக்கும். உங்களிடம் சொல்ல அப்போது வெட்கம்.

நாம் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, காலாண்டு லீவில்தான் அந்தப் படம் வரைந்தார்கள். மண்டபம் கட்டக் காசு கொடுத்த மண்டி முதலாளியை ஞாபகமிருக்கிறதா? தெற்கத்திக்காரர், பருப்பு மொத்த வியாபாரம், ஆண்டு விழாவில் நமக்கெல்லாம் கடலை மிட்டாய் கொடுப்பாரே, அவர்தான். தான் பிறந்த ஊரை மேடைச் சுவரில் வரைய வேண்டும் என்றார். மலை, ஓடை, மேய்ப்பன், மந்தை. வேலை போர்டு மாமாவுக்கு வந்தது. லாரிக்கு நம்பர், கடைக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறவர். எங்கள் சந்துக்காரர், நைனாவுக்கு உயிர்த் தோஸ்து. கல்யாணம் ஆகாத இளவட்டம், சாயங்காலமானால் எங்கள் வீட்டில்தான் டீ.

"மாமு, நான் பொறந்ததுலேர்ந்து ஒரு மலையப் பாத்ததில்ல" என்றார் அன்றைக்கு. "மலைய காலண்டரப் பாத்துப் போட்டுடுவேன். ஆட்ட இன்னா பண்றது? ஆடு ஓட்டினு போறவன் எப்டி நிப்பான், எப்டி நடப்பான்?"

"எங்கூட வாயேன். டெய்லி நூறு ஆடு பாக்கலாம்" என்றார் நைனா.

ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தோடு பின்னாலேயே நடந்தார். கால் நொண்டும் ஆட்டை நைனா தோளில் தூக்கிப் போட்டுக்கொள்வார், நான்கு கால்களையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு. மந்தையைத் தாமதிக்க விடக்கூடாது, பொழுதோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதற்காக. போர்டு மாமா அதைப் பார்த்துவிட்டு, "அப்டியே நில்லு மாமு" என்று தெருவிலேயே நிறுத்தி வரைந்தார். பின்னால் வந்த கை வண்டிக்காரர் இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் போனார். அப்படி நின்றதுதான் சுவரில் இருப்பது. எத்தனை பேர் அதைப் பார்த்து "என்ன கருணை" என்று சொல்லியிருக்கிறீர்கள். கருணையும் இருந்திருக்கும். நொண்டுகிற ஆட்டை நைனா ஒருநாளும் அடித்து இழுத்ததில்லை.

முகமும் நைனாவுடையதுதான். தலையில் முண்டாசு, தோளில் கம்பளி என்று வேஷம் போட்டுவிட்டார், ஆனால் அந்தக் கண், அந்தத் தாடை, அந்தப் பல் தெரியாத சிரிப்பு. முடிக்கிற நாளில் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நைனா படத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து பார்த்தார்.

"ஆடு இவ்ளோ வெள்ளையா எங்கயும் இருக்காதுப்பா" என்றார் கடைசியில்.

"மொதலாளி நாலு டப்பா வெள்ள பெயிண்டு வாங்கிக் குட்த்துட்டாரு. தீக்கணுமே மாமு" என்றார் போர்டு மாமா. பிறகு என் பக்கம் குனிந்தார். "கண்ணு, இது யாரு மூஞ்சின்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லிடாத. எல்லாம் அவங்க ஊரு ஆளுன்னு சொல்லிக்கீறேன். உனுக்கு, எனுக்கு, நைனாக்கு. மூணு பேருக்குத்தான் தெரியும்."

தலையாட்டினேன்.

பெற்றோர் நாள் வந்தது. அதுவரைக்கும் பள்ளிக்கூடத்துப் பக்கம் எட்டிப் பார்க்காத நைனா, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கூட்டம் முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போனதும் மேடைக்கு முன்னால் போய் நின்றார். நான் பக்கத்தில். அப்போது மண்டி முதலாளி வந்து அவருக்கு அருகிலேயே நின்றார். கையைக் கூப்பிக்கொண்டு.

"எங்கய்யா அச்சு அசல் இப்படித்தான் இருப்பாவ" என்றார், யாரென்று தெரியாமலே நைனாவிடம். "தோள்ல குட்டியப் போட்டுக்கிட்டு, பொழுது சாயக் கெடைக்கு வருவாவ. முகத்தப் பாருங்க. இந்த முகத்தப் பாத்து முப்பது வருசமாச்சு எனக்கு."

நைனா படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நல்லா கீதுங்க" என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சிரிப்பு. "நானு பக்கத்துல நின்னுகினு கீறேன், என்னயப் பாத்துக் கும்புடறாரு, அவருக்குத் தெரியல" என்று அம்மாவிடம் மூன்று தடவை சொன்னார். அன்றிலிருந்து யார்டுக்குப் போகும்போது ராயபுரம் பக்கம் சுற்றிக்கொண்டு போவார். பள்ளிக்கூட ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பதற்கு. அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் இல்லை.

மழை விட்டு, மார்கழி பிறந்த சமயம், தமிழ் டீச்சர் முல்லை நிலத்தைப் பற்றி நடத்தினார். நினைவிருக்குமே, கண்ணை மூடிக்கொண்டு பாடம் நடத்துவாரே, அவர். ஆயர்கள் பகலெல்லாம் மேய்ப்பார்கள், மாலையானால் மந்தை மணியோசையோடு வீடு திரும்பும், குழலோசை கேட்கும், வீட்டில் ஒருத்தி விளக்கேற்றிக் காத்திருப்பாள். ஆளுக்கு ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். நீங்களெல்லாம் புல்லாங்குழல், பசும்புல், வெண்ணிலா என்று எழுதினீர்கள். எனக்கு மாலை, மணி, மந்தை, காத்திருப்பது எல்லாமே நன்றாகத் தெரிந்த விஷயமாகப் பட்டது. எழுதினேன்:

மாலை வந்தது, மணி ஒலித்தது,
மந்தையோடு அப்பா நடந்தார்.
நூறு ஆடு முன்னே போச்சு,
நொண்டி ஆடு தோளில் போச்சு.
விளக்கு வைத்ததும் வீடு வந்தார்,
மேஸ்திரி மட்டும் கூட வந்தது.

மறுநாள் டீச்சர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "மற்ற ஆடெல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டார். சொன்னேன். தொட்டியைச் சொன்னேன், சின்னக் கதவைச் சொன்னேன், பொறையைச் சொன்னேன். அவர் கண் கலங்கியது. என் தலையில் கை வைத்தார். ஒரு டீச்சர் என் தலையில் கை வைத்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கிறக்கத்தில், கேட்காததையும் சொன்னேன். "டீச்சர், மேடைச் சுவத்துல இருக்கிறது எங்க நைனாதான்."

அவர் அதை ஆசிரியர் அறையில் ஆசை ஆசையாகப் படித்துக் காட்டியிருக்கிறார். நம்ம பிள்ளை ஒருத்தி எழுதியது, இந்தச் சுவரில் நிற்பவரின் மகள் என்று. அந்தக் காலத்தில் அவரைக் காட்டிக்கொடுத்தவள் என்று மனசுக்குள் வைதேன். பாவம், பெருமையாகச் சொல்லியிருக்கிறார், வேறொன்றும் இல்லை. பேச்சு இரண்டே நாளில் மண்டி முதலாளி காதுக்குப் போய்விட்டது.

அவர் வந்தபோது நான் குடிநீர்க் குழாயடியில் இருந்தேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மண்டபத்துப் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அறுப்புக்கு ஓட்டிட்டுப் போறவன் முகத்தையா மூணு மாசமா எங்கய்யான்னு கும்பிட்டேன்?" என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டார். "முகத்த மட்டும் மாத்தச் சொல்லுங்கம்மா. வேற ஒண்ணும் வேண்டாம்." அழுதார் என்று நினைக்கிறேன். அன்று அவரை எனக்குக் கொல்ல வேண்டும் போலிருந்தது. இன்றைக்கு, தகப்பன் முகத்தை இரண்டாம் முறை இழந்த மனுஷன் என்றும் தோன்றுகிறது. ஆனாலும் அடி மனசில் ஆத்திரம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் அவர் வீட்டுக்கும் அந்தத் தொட்டிக் கறிதான் போனது. கறிக்கு ஆகிற ஆடு சுவரில் பார்க்கவும் ஆகும், அதை நடத்திக்கொண்டு போகிற ஆள் மட்டும் ஆகமாட்டான்.

அன்று சாயங்காலம் நைனா குளித்துவிட்டு, தலையைத் துவட்டாமல் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். விஷயம் யார்டு வரைக்கும் வந்துவிட்டது.

"மூணு பேருக்குத்தான் தெரியும்" என்றார். "நீ எதுனா சொன்னியாம்மா?"

"இல்ல நைனா."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அவர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அதோடு நிறுத்தியிருந்தால்கூட அவர் குழம்பிப்போய் விட்டிருப்பார். நான் நிறுத்தவில்லை.

"போர்டு மாமா டீச்சர்கிட்ட பேசிக்கினு இருந்தத நான் பாத்தேன்."

பார்த்தது நிஜம்தான். படம் வரைந்த நாட்களில், பிரஷ் கழுவ எங்கே இடம் என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நிஜத்தை எடுத்துத்தான் பொய் சொன்னேன். பன்னிரண்டு வயதில் இந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

 மறுநாள் போர்டு மாமா டீ குடிக்க வந்தபோது நைனா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். "மாமு, மூஞ்ச மாத்தச் சொல்றாங்க, நான் இன்னா பண்ணட்டும் சொல்லு" என்று அவர் வாசலில் நின்று இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார்.  அம்மா போட்ட டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. முகத்தை அழிக்க வேண்டியிருப்பதால்தான் கோபம் என்று போர்டு மாமா நினைத்துக்கொண்டார். தன்மேல் என்ன பழி என்று அவருக்குத் தெரியவே இல்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நைனா என்னை வெறுத்துவிடுவார் என்று பயந்தேன்.

அரையாண்டு லீவில் போர்டு மாமா முகத்தை மாற்றிவிட்டார். ரோஸ் கன்னம், சுருட்டை மீசை, எந்த ஊரிலும் இல்லாத ஒரு முகம். நீங்கள் போட்டோவில் பார்த்து உருகியது அதுதான். பள்ளிக்கூடம் திறந்த அன்று, நான் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். கையும் தோளும் நொண்டி ஆடும் அப்படியே இருந்தன. முன்னால், அதுவரை வெறும் புல்லாக இருந்த இடத்தில், புதிதாக ஓர் ஆடு நின்றது. செவலை. இடது காது கிழிந்தது. கழுத்தில் பித்தளை மணி. மேஸ்திரி.

யாரும் சொல்லாமல் அவராக வரைந்தது. முகத்தை எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டேன், எம் மாமுவோட ஆட்ட எடுக்க முடியாது என்று சொல்வது போல. நைனா ஒரு தடவை பார்த்தால் போதும், புரிந்துகொண்டு அன்றைக்கே அவர் வீட்டுக்கு ஓடியிருப்பார். ஆனால் நைனா ராயபுரம் பக்கம் சுற்றிப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டில் யாராவது அந்தப் படத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் அது நான்தான். நான் பேசவில்லை. மேஸ்திரியைப் பற்றிச் சொன்னால் பேச்சு போர்டு மாமாவில் வந்து நிற்கும், அவரிலிருந்து என்னிடம் வரும்.

போர்டு மாமா கொஞ்ச நாளில் திருவொற்றியூர் பக்கம் குடி போய்விட்டார். மேஸ்திரி கிழடு தட்டி, பல் விழுந்து, கம்பத்தடியிலேயே படுத்துச் செத்தது. நைனா அதைக் கால்வாய்க் கரையில் புதைத்தார். மணி எங்கள் வாசல் ஆணியில் பல வருஷம் தொங்கியது, எண்ணூருக்கு வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. நைனா வேறு தோஸ்து யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. சாயங்காலத்தில் தனியாக உட்கார்ந்து டீ குடிப்பார். நான் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் பெரிதாகிற வரைக்கும் அவர் அப்படித்தான் குடித்தார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நைனா போனபோது போர்டு மாமா வந்தார். தாடியெல்லாம் நரைத்து, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு. மாலை போட்டுவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "கண்ணு, மூஞ்ச அழிச்சதுக்கா இத்தினி வருசம் பேசாம இருந்தாரு? வேற எதுனா இருந்துச்சா? உனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். வாசலில் நைனா படுத்திருக்கிறார். அப்போதும் நான், "தெரியல மாமா" என்றேன்.

இந்தப் பெண்ணைத்தான் நீங்கள் வாழ்த்துரை சொல்லக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

நேற்றுப் பகலில் போர்டு மாமாவின் மகள் நம்பருக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை எப்படி அழைத்துவருவது என்று கேட்கிற சாக்கில். மகள் போனை அவரிடம் கொடுத்துவிட்டாள். கண் பார்வை போய்விட்டதாம். என் குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துகொண்டார். விழா, சால்வை எதுவும் அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கண்ணு, அந்தச் சொவத்துல மேஸ்திரியப் போட்டேனே. உங்க நைனா அதப் பாத்தாரா?"

பார்த்தார் மாமா, பார்த்துவிட்டு உங்களை நினைத்து அழுதார் என்று சொல்லிவிடலாம். எண்பது வயசு மனுஷர், நிம்மதியாகக் கேட்டுக்கொள்வார். வாய்வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு எப்போதுமே ஒரு சின்னக் கதவு திறந்திருக்கும். அதன் வழியாக நான் மட்டும் வெளியே வந்து பொறையைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

"இல்ல மாமா, பாக்கல" என்றேன். "நான்தான் சொல்லல. இன்னும் ஒண்ணு கீது. அத ஞாயித்துக்கெழம காலைல, விழாவுக்கு முன்னாடி, உங்க வூட்டுக்கு வந்து சொல்றேன். கேட்டுட்டு, எங்கூட விழாவுக்கு வர்றதா வேணாமான்னு நீங்க சொல்லுங்க."

 அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"வா" என்றார். "கண்ணுதான் போச்சு. காது நல்லாத்தான் கேக்குது."